ராயம்மாள் தொடாத வெள்ளிக்கிழமைக் கறி

ராயம்மாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் யாரும் இல்லை. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தபோதுகூட, சாமியார் பிரசங்கத்தை இழுக்கிறார் என்று முழங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவள் அவள். சோற்றை நின்றுகொண்டு தின்பாள். பேச்சை நடந்துகொண்டு பேசுவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவாள், அவள் பார்வை பட்டால் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும் என்பதுபோல. அவள் புருஷன் யாகப்பன் அவசரம் தெரியாத மனுஷன். "எம் பொண்டாட்டி செத்தாலும் பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டுத்தான் இருப்பா" என்று அவன் சொல்ல, கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

பத்தாவது முடித்த கையோடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்று, அதுகளைத் தோளிலும் இடுப்பிலும் போட்டுக்கொண்டே பால்வாடி டீச்சர் ஆனாள். முப்பது பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, கஞ்சி ஊற்றி, தூங்க வைத்த பிறகும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேலே படிக்கிறேன் என்று கிளம்பினாள். தருமபுரியில் சனி ஞாயிறு மட்டும் வகுப்பு நடத்துகிற ஒரு கல்லூரி இருந்தது. வேலைக்குப் போகிற பெண்களுக்காக ஏற்பட்டது. வாரா வாரம் விடிய எழுந்து முதல் பஸ்ஸில் போய், சாயங்காலம் வந்து, மூன்று வருஷம் ஓட்டினாள். எதற்கு என்றால், பால்வாடிகளைச் சுற்றிப் பார்க்கிற மேற்பார்வையாளர் வேலைக்கு டிகிரி கேட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. அவளுக்கென்றே ஆண்டவர் படைத்த வேலை அது. ஆனால் முப்பத்தெட்டு வயசுக்குள் மனுப் போட வேண்டும். எண்பத்தைந்தாம் வருஷம் அவளுக்கு முப்பத்தேழு முடிந்து மாதக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் கடைசிக்குள் மனுப் போடாவிட்டால், அப்புறம் போடவே முடியாது.

எல்லாப் பரீட்சையும் எழுதியாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று.

அந்த வருஷம்தான் கல்லூரிக்குப் புது பிரின்சிபால் அம்மா வந்திருந்தார். வெளிநாட்டில் படித்தவர். கெட்டிக்காரர், மனசும் நல்லதுதான். ஆனால் நோட்டுப் புத்தகத்தை நம்புகிற அளவுக்கு மனுஷர் வாயை நம்பமாட்டார். பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல், இந்த உலகம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒருத்தி டிகிரி வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்று அவர் சொன்னார். சரியான பேச்சுதான். அதற்காக 'பிற மக்களும் உலகமும்' என்று ஒரு பாடம் வைத்தார். தன் மதமோ தன் மொழியோ இல்லாத ஒரு வீட்டில் பத்து நாள் தங்க வேண்டும். அங்கே கண்டதை நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் படித்தோ படிக்கக் கேட்டோ கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் டிகிரி இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். தங்குகிற வீட்டில் தன் மதத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அதன் அடையாளம் எதையும் காட்டக் கூடாது. கேட்கவும் பார்க்கவும் மட்டுமே போகிறீர்கள் என்று. எங்கேயோ ஒரு மாணவி போன வீட்டில் ஜெபப் புத்தகத்தை நீட்டி, அது பெரிய தகராறாகப் போயிற்றாம். அதனால் இந்த ஏற்பாடு. ராயம்மாள் அதைத் தேவ கட்டளைபோல எடுத்துக்கொண்டாள். ஜெபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையின் அடியில், துவைத்த பாவாடைக்குள் சுருட்டி வைத்தாள். ராயம்மாள் என்ற பேரில் கிறிஸ்தவ வேதம் எங்கே தெரிகிறது? பண்ணையக்கார வீட்டு இந்து அம்மா என்றுதான் பார்த்தவர்கள் நினைப்பார்கள். நினைத்தார்கள்.

அவளுக்கு வாய்த்த வீடு பென்னாகரத்தில் ஜான் பீயின் வீடு. மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, அவள் பையோடு போய் இறங்கிய அன்றைக்கே ரம்ஜான் நோன்பு பிறந்திருந்தது. ஜான் பீக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயசிருக்கும். நெட்டையான பெண். அடுப்படியில் பேசினால் வாசலில் கேட்கும். அவள் புருஷன் கவுஸ் பாஷா நாலு வருஷமாகச் சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் ஜான் பீயும், புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார் அஸ்கரி பேகமும்தான். ஜான் பீ இலவம் பஞ்சு அடித்து மெத்தை, தலையணை அடைப்பாள். அஸ்கரி மிஷினில் உறை தைப்பாள். தங்களுக்குள் உருது பேசுவார்கள், வந்தவர்களிடம் தமிழ். கவுஸ் பாஷா வாங்கி அனுப்பிய டேப் ரெக்கார்டர் ஒன்று, பூப்போட்ட துணி மூடி, அலமாரியில் இருந்தது. அந்த வீட்டில் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, போகிற ஆள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவரும் பேசி அனுப்புவார்.

முதல் இரண்டு நாள் வெகு சுகமாகப் போயிற்று. உனக்கென்று மத்தியானம் ஆக்குகிறேன் என்று ஜான் பீ சொன்னதற்கு, எனக்காக அடுப்பு மூட்ட வேண்டாம், நானும் இருக்கிறேன் என்று ராயம்மாள் சொல்லிவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது ஒருவேளை மட்டும் சாப்பிட்டு அவள் இருந்து பழகிய ஒருசந்தியைவிடக் கடினமாக இருந்தது. டீ இல்லாமல் தலை பிளந்தது. அதை மறக்க ஜான் பீயோடு பஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்றா சொன்னேன், இல்லை. காயை உடைத்தாள், கொட்டையைப் பிரித்தாள், குச்சியால் அடித்தாள், மூட்டையைப் பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் தூக்கினாள். மூக்கில் துணி கட்டியும் பஞ்சு தொண்டைக்குள் போய் இருமினாள். தலை முழுக்க வெள்ளை.

"டீச்சரம்மா ரெண்டு நாள்ல கெழவி ஆயிட்டாங்க" என்று ஜான் பீ சிரித்தாள். "பாய் வந்து பாத்தா, என் ஆத்தா எப்ப வந்துச்சுன்னு கேப்பாரு."

சாயங்காலம் பேரீச்சம்பழமும் தண்ணீரும், பள்ளிவாசலிலிருந்து தூக்குப் போணியில் வந்த கஞ்சியும். பருப்புப் போட்ட வெறுங்கஞ்சி. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி மூன்று பேரும் தின்றார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.

நோன்பின் முதல் ஜும்மா, வீட்டில் விருந்தாளி வேறு. ஜான் பீ காலையிலேயே போய் ஆட்டுக்கறி எடுத்து வந்தாள். தொடைக்கறியாகப் பார்த்து, எலும்பு தள்ளி, கடைக்காரனோடு சண்டை போட்டு வாங்கியது. பட்டினியோடு அதை அரைத்து, வதக்கி, உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல், சாயங்காலத்துக்குள் கறிக்கஞ்சியும் குழம்பும் ஆக்கி இறக்கினாள். வாசம் தெருமுனை வரைக்கும் போயிற்று. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத ராயம்மாளின் வயிற்றுக்குள் அந்த வாசம் கையை விட்டு இழுத்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை ராயம்மாள் வீட்டில் கறி தொடுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் என்றில்லை, வருஷம் முழுக்க. அவள் ஆத்தா ஆரோக்கியம்மாள் காலத்திலிருந்து அப்படி. அதைச் சொல்லிவிட்டால் போயிற்று. ஆனால் விரதம் என்று சொன்னாலும் தன் மதத்தைப் பேசியதாகும். முதல் பக்கம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீரைக் குடித்தாள். தாம்பாளத்தில் குழம்பு விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். வயிறு சரியில்லை, ஒன்றும் வேண்டாம் என்று பொய் சொன்னாள்.

அங்கேயே படுத்திருந்தாலும் பரவாயில்லை. பசி தாங்காமல், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். பச்சியப்பன் டீக்கடையில் நின்றபடி இரண்டு பன்னும் ஒரு டீயும், மேலே இன்னொரு டீயும். வாய் நிறையப் பன் இருக்கும்போதுதான் எதிரே பார்த்தாள். அடுத்த தெருச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கறிக்குழம்பு கொடுத்துவிட்டு, காலிக் கிண்ணத்தோடு அஸ்கரி போய்க்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். நிற்காமல் போய்விட்டாள்.

என்னதான் சமாதானம் சொன்னாலும் அது தப்புதான். பொய்யைச் சொன்னது ஒரு தப்பு. பன்னைத் தின்றது அதைவிடப் பெரிய தப்பு.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் மரியாதை கூடியது. ஜான் பீ கடைக்குப் போய்ப் புது எவர்சில்வர் தட்டு, புது டம்ளர் வாங்கி வந்தாள். ராயம்மாளுக்குத் தனியாக, மோரும் சோறும், ஒரு வெங்காயம். தாம்பாளத்தின் பக்கம் அவளைக் கூப்பிடவில்லை. பஞ்சில் கை வைக்கப் போனால், "வேணாங்க. நீங்க உக்காருங்க டீச்சரம்மா." குடத்தைத் தூக்கப் போனால் அஸ்கரி முந்திக்கொள்வாள். "நீங்க உக்காருங்க." முன்கட்டில் ஒரு நாற்காலி போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அவள் நோட்டு எழுத வேண்டியது, அவ்வளவுதான்.

சனி போயிற்று. ஞாயிறு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பூசை இல்லாத ஞாயிறு. திங்கள். செவ்வாய். தெருவில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது என்று அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒகேனக்கல் போகிற பஸ்ஸின் ஹாரன் வேறு, தருமபுரி பஸ்ஸின் ஹாரன் வேறு. உள்ளங்கால் அரித்தது. நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கும் நடைக்கும் நடந்தாள், பிறகு வந்து உட்கார்ந்தாள். பின்கட்டில் குச்சி பஞ்சை அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாக மடியில் ஆடியது. இத்தனை இருந்தும் ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. விருந்தாளி என்று தாங்குகிறார்கள் என்றுதான் நினைத்தாள். நோட்டில் அப்படியே எழுதினாள்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. சனிக்கிழமை, ஜூன் முதல் தேதி, நோட்டைக் கொண்டு போய்க் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியாமல் அன்றைக்கே கையெழுத்துக் கேட்டாள்.

ஜான் பீக்கு உருதுவில் பேர் எழுத வரும். தமிழ் படிக்க வராது. அஸ்கரி எட்டாவது வரை தமிழில் படித்தவள். வாசி என்றாள் ஜான் பீ. உறை தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அஸ்கரி வாசித்தாள். நோன்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது. பஞ்சு எங்கிருந்து வருகிறது. கவுஸ் பாஷா இருக்கிற ஊர் கடலோரத்தில் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு வந்தது அந்த வரி. 'விருந்தினரை மிகவும் உயர்வாக நடத்துகிறார்கள். எனக்கெனப் புதிய தட்டும் டம்ளரும் வாங்கித் தனியே பரிமாறினார்கள்.'

அஸ்கரி வாசிப்பதை நிறுத்தினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் மூக்கிலிருந்து வந்தது. ஜான் பீ எழுந்தாள்.

"நான் போட மாட்டேன்."

ராயம்மாளும் எழுந்தாள். ஏன் என்று கேட்டாள். என்ன தப்பாக எழுதிவிட்டேன் என்று கேட்டாள்.

"நீங்க எங்க வூட்ல ரெண்டு நாளுதான் இருந்தீங்க. மூணாம் நாளே பச்சியப்பன் கடைக்குக் குடி போயிட்டீங்க. அவன்கிட்ட வாங்கிக்குங்க கையெழுத்த."

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். குச்சி பஞ்சின் மேல் விழுந்த சத்தத்தில் வீடு அதிர்ந்தது.

மீதியை அஸ்கரிதான் சொன்னாள், மிஷினைப் பார்த்துக்கொண்டே. இரண்டு நாள் கூட உட்கார்ந்து தின்றவள், கறி விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டாயே, விரதம் என்றால் சொல்லியிருப்பாய், மாட்டுக்கறி என்றுதானே. என் அண்ணி, பாபி, உனக்காகவென்று பார்த்துப் பார்த்து ஆட்டுக்கறி எடுத்தாள். இது ஆட்டுக்கறிதான் என்று அவள் வாயால் சொல்லிக் காட்ட வேண்டுமா. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பன் தின்றாயே. எங்கள் பாத்திரம் உனக்கு ஆகவில்லை என்றால், உன் பாத்திரம் உனக்கு. அதற்குத்தான் அந்தத் தட்டு.

ராயம்மாளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. நோட்டைக் கையில் எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கம் வந்து நின்றது. சொன்னால் விதி போயிற்று, நோட்டைத் தள்ளிவிடுவார்கள். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போயிற்று, அப்போதும் தள்ளிவிடுவார்கள். இன்னும் ஒரு வருஷம் கழித்து இதே பத்து நாளை வேறு வீட்டில் இருக்கலாம். ஆனால் வயசு ஒரு வருஷம் காத்திருக்காது.

கால் போன போக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். தருமபுரி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறிவிடலாமா என்று படியில் ஒரு காலை வைத்து எடுத்தாள். பச்சியப்பன் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டான். கேட்டுவிட்டு, இதற்கா இந்த முகம், கொடு நான் போடுகிறேன், தமிழில் அழகாகப் போடுவேன் என்றான்.

"என்னன்னு போடுவீங்க?"

"பச்சியப்பன்னுதான்."

"பாய் வூட்டு நோட்டுல பச்சியப்பன்னா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது இடிக்குதுதான்" என்றான்.

பஸ் போய்விட்டது. அவள் திரும்பி நடந்தாள்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்புகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை தம்மாமுக்குப் புறப்படுகிற ஆள் ஒருவர் சாயங்காலம் வந்து கேசட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஜான் பீ டேப் ரெக்கார்டரை நடையில் இறக்கி வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, உருதுவில் பேசத் தொடங்கினாள். பஞ்சு விலை, அஸ்கரியின் பல்வலி, கூரை ஒழுகப்போவது எல்லாம் இருந்திருக்கும். ராயம்மாள் முன்கட்டு நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பேச்சு வேகம் எடுத்தது. நடுவில் 'டீச்சரம்மா' என்று வந்தது. பிறகு 'பச்சியப்பன்' என்று வந்தது. பிறகு, கோபமாகப் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று இறங்கி, கமறி நின்றது. பஞ்சுத் தூசி இல்லாத கமறல் அது.

தன்னைப் பற்றிய ஒரு பொய் கடல் தாண்டிப் போகப்போகிறது என்று ராயம்மாளுக்கு விளங்கியது. அவளால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து நடைக்குப் போனாள். போகிற அந்த நாலு எட்டுக்குள் அவளுக்கு ஒன்று தோன்றியது. தங்குகிற வீட்டில் பேசக் கூடாது என்றுதான் எழுதியிருந்தார்கள். தம்மாமில் பேசக் கூடாது என்று எழுதவில்லை.

டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, நன்றாகவே உட்கார்ந்தாள். நானும் பாய்க்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். ஜான் பீ நகர்ந்து இடம் விட்டாள். கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய்ங்களா, நான் ராயம்மா பேசறேங்க. பாப்பாரப்பட்டிப் பக்கம். பத்து நாளா உங்க வூட்ல இருக்கறவ. போன வெள்ளிக்கிழமை உங்க வூட்டம்மா ஆட்டுக்கறி ஆக்குனாங்க. நான் தொடல. வயித்துவலின்னு பொய் சொன்னேன். வயிறு நல்லாத்தாங்க இருந்துச்சு. நாங்க வேதக்காரங்க. வெள்ளிக்கிழமை எங்க ஆண்டவர் உயிர விட்ட நாளு. எங்காத்தா காலத்துல இருந்து அன்னைக்குக் கறி தொடறதில்ல. வேற ஒரு காரணமும் இல்லீங்க. சனிக்கிழமை ஆக்கியிருந்தா சட்டியோட தின்னிருப்பேன். மாட்டுக்கறியா இருந்தாலும் தின்னிருப்பேன், எங்கூரு திருநாளுக்கு அதாங்க ஆக்கறது."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இத அவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு காலேஜுல எழுதிக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எழுதல. அதனால நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

ஜான் பீ ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அஸ்கரி மிஷினை நிறுத்தியிருந்தாள். பிறகு ஜான் பீ மெதுவாகக் குனிந்து, ராயம்மாளைப் பார்க்காமல், டேப் ரெக்கார்டரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்.

"கேட்டீங்களா இந்தப் பொம்பள பேச்ச. மூணாவது வூட்டுக்குக் கேக்கற மாதிரி நான் பேசறேன், எங்கிட்ட சொல்ல மாட்டாளாம். இவ பேச்சு தம்மாமுக்குப் போயிட்டு எனக்குத் திரும்பி வரணுமாம். ஒரு வாரமா இவள நாற்காலில உக்கார வெச்சே கொன்னுட்டேன். அந்தத் தட்டு மரியாதைக்கு வாங்குனது இல்லீங்க. கோவத்துக்கு வாங்குனது. அதையும் அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவ்வளவில் கேசட் டொக்கென்று நின்றது. ஒரு பக்கம் முடிந்திருந்தது. அஸ்கரிதான் முதலில் சிரித்தாள்.

கையெழுத்து உடனே விழுந்துவிட்டதா என்றால், இல்லை. ஜான் பீ லேசுப்பட்டவள் இல்லை. அந்தத் தட்டு வரியை அடி, நடந்ததை நடந்தபடி எழுது, அப்புறம் போடுகிறேன் என்றாள். எழுதினால் நான் மதம் பேசியது தெரிந்துவிடும், நோட்டே போய்விடும் என்று ராயம்மாள் கெஞ்சினாள். எழுதாவிட்டால் என் வீட்டைப் பற்றிப் பொய் போய்விடுமே என்றாள் ஜான் பீ. உன் டிகிரிக்காக நான் புதுத் தட்டு வாங்கி மரியாதை செய்தவளாக அந்தப் பிரின்சிபால் முன்னால் நிற்க வேண்டுமா. அன்று மத்தியானம் முழுக்க ராயம்மாள் நடைக்கும் வாசலுக்கும் நடந்தாள். நடந்து முடித்து, வந்து, எழுதினாள். கறி, வயிற்றுவலி, பன், தட்டு, கேசட், ஒன்றும் விடவில்லை. அஸ்கரி வாசிக்க, ஜான் பீ கேட்டு, வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகத் தன் பேரை எழுதினாள். எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய், கறி போடுவதற்கு முன்னால் ஒரு சட்டி கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்தாள். சாயங்காலம் தாம்பாளத்தைச் சுற்றி மூன்று பேர். புதுத் தட்டில் வெங்காய வடை இருந்தது.

சனிக்கிழமை கல்லூரியில் பிரின்சிபால் அம்மா அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தார். ராயம்மாள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதையும் கேட்கவில்லை.

"முதல் பக்கத்துல இருக்கற விதிய நீங்க படிக்கலையா?"

"படிச்சேங்க. அதனாலதான் ஏழு நாள் வீணாப் போச்சு."

பிரின்சிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்து யாருடையது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஜான் பீ என்று எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று ராயம்மாள் விரலால் காட்டினாள். விதியை மீறியதாகச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதி, நாற்பது மார்க் போட்டார். பாஸுக்கு நாற்பது. அதில் ஒன்று குறைத்திருந்தால் கேட்பதற்கு யாரும் இல்லை. அவர் குறைக்கவில்லை. விதியை எடுத்துவிட்டாரா என்று கேட்டால், எடுக்கவில்லை. அடுத்த வருஷமும் அதே பக்கத்தைத்தான் ஒட்டினார்கள் என்று கேள்வி.

மனு ஜூன் இருபத்தேழாம் தேதி போய்ச் சேர்ந்தது. வேலை அடுத்த பொங்கலுக்குக் கிடைத்தது. சித்தேரி மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராயம்மாள் நிற்பதை எத்தனையோ வருஷம் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால், அந்த ஜூலையில், ஒரு சனிக்கிழமை பென்னாகரத்திலிருந்து ஆள் வந்தது. தம்மாமிலிருந்து பதில் கேசட் வந்திருக்கிறது, உனக்கும் பேசியிருக்கிறார், வந்து கேட்டுவிட்டுப் போ என்று ஜான் பீ சொல்லி அனுப்பியிருந்தாள். ராயம்மாள் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் போனாள். நடையில் நின்றபடியே போடச் சொன்னாள். கவுஸ் பாஷாவின் குரல், அவள் பார்த்தே இராத மனுஷனின் குரல், காற்று இரைச்சலோடு கேட்டது.

"தங்கச்சி ராயம்மாவுக்கு. சொல்லச் சொன்னத எங்கூட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். இங்க என் ரூம்ல எட்டுப் பேரு. மாத்தி மாத்தி சமைப்போம். வெள்ளிக்கிழமை எம் முறை, லீவு நாளு, கறி போடுவேன். கேரளாக்காரன் ஒருத்தன், தோமான்னு பேரு, ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை மட்டும் ரொட்டியும் வெங்காயமும் எடுத்துக்கிட்டு வெளிய போய் உக்காந்துக்குவான். நான் சமைச்சது அவனுக்கு ஆகலன்னு ரெண்டு வருஷமா அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசல நான். உன் பேச்சக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி அவனக் கேட்டேன்."

குரல் அங்கே நின்றது. கேசட் டொக்கென்றது.

வெளியே தருமபுரி பஸ் ஹாரன் அடித்தது. அந்த ஹாரன் ராயம்மாளுக்குத் தெரியும், இதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். பையைத் தோளில் மாட்டினாள். ஜான் பீ அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"உக்காரு ராயம்மா. இன்னொரு பக்கம் இருக்குது."

பஸ் போகிற சத்தம் கேட்டது. அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.